பட்டைத் தைலத்தின் உறைப்பு

என் வீட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். அறந்தாங்கியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது ஆவூரில் என் சொந்தக்காரர்கள், "படிச்ச பிள்ளைய அடுப்படிக்காரனுக்கா குடுக்கப் போறீக?" என்று என் அப்பாவிடம் கேட்டார்கள். மறுவீட்டு விருந்தை மாப்பிள்ளையே சமைத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் ருசி பார்த்துச் சமைக்கிறவர் இல்லை. அடுப்பு எரியும்போது ஒரு பருக்கையைக்கூட வாயில் போடமாட்டார். எல்லாம் மூக்குதான். காய்ந்த எண்ணெயில் பட்டையைப் போட்டதும் முதலில் ஒரு இனிப்பு வாசனை எழும்பும், கொஞ்ச நேரத்தில் அது கட்டை வாசனையாக மாறிவிடும், அந்த இரண்டுக்கும் நடுவில் வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பார். நானும் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை மோந்து பார்த்திருக்கிறேன். அந்த நடு எனக்குப் பிடிபட்டதே இல்லை. தம் போட்ட பிறகு தள்ளிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று பேச்சை நிறுத்தி, "நெருப்ப இழு" என்பார். அவரோடு வேலை பார்த்தவன் என் தம்பி. அவன் ஓடிப்போய் நெருப்புக் கங்குகளை இழுத்துவிட்டு மூடியைத் திறந்தால், சோறு சரியாக வெந்து நிற்கும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தோம். எனக்கும் வாசனை போனது, திருச்சி விடுதியிலிருந்து திரும்பி வந்திருந்த மகளுக்கும் போனது. எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. துவைத்த துணியை மடிக்கும்போது எனக்குச் சோப்பு வாசனை வந்தது. கத்திக்கொண்டே அவரிடம் ஓடினேன். அவர் துணியை வாங்கி முகத்தில் வைத்து வெகுநேரம் இழுத்துப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் லேட்டாகும்போல" என்றார்.

ஊரடங்கு முடிந்து மகள் விடுதிக்குத் திரும்பினாள், கல்யாணங்களும் தொடங்கின. திருமயத்தில் ஒரு நிச்சயதார்த்தம். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த மனுசன், நான் வேண்டாமென்று சொல்லியும் ஒத்துக்கொண்டார். "கை பழகுன வேலை. மூக்கு இல்லாட்டி என்ன, கண்ணு பாத்துக்கிரும்" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நானும் போயிருந்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்பு. நான் உள்ளே நுழையும்போதே தீய்ந்த வாசனை அடித்தது. என் தம்பி தண்ணீர்க் குடத்தோடு வெளியே போயிருந்தான். இவர் அகப்பையைப் பிடித்து, மசாலாவை அடிவரைக்கும் கிளறிக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை கவனம். அண்டாவின் அடியில் கருகியதெல்லாம் அவர் கையாலேயே மேலே ஏறி, கறி முழுக்கக் கலந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி ஓடி வந்தான்.

"மச்சான், அடி பிடிச்சிருச்சு மச்சான்! கிண்டாதீங்க, விடுங்க!"

அவர் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்த்தார். "அப்பிடியா?" என்று கேட்டார். தீ வைத்ததைப்போல நாறிக்கொண்டிருந்த அந்தக் கொட்டகைக்குள் நின்று, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அகப்பையை அண்டாவின் விளிம்பில் சாத்தி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டார். பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டபோதும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஓட்டல்களில் இருந்ததையெல்லாம் வாங்கி வந்து என் தம்பிதான் அந்தப் பந்தியை ஒப்பேற்றினான்.

அதன் பிறகுதான் புதுக்கோட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அந்த அம்மா பொறுமையாகப் பேசினார். மருந்து மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூக்குக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நன்றாகப் பழகிய வாசனைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனசில் கொண்டுவர வேண்டும். சிலருக்கு மாசக்கணக்கில் செய்தால் திரும்பும்.

"சிலருக்குன்னா, மத்தவுகளுக்கு?" என்று இவர் கேட்டார்.

"செஞ்சு பாப்போம். முன்னாடியே ஏன் அதப் பேசணும்?" என்றார் டாக்டர்.

எலுமிச்சை, பன்னீர், காப்பித்தூள், நாலாவதாகப் பட்டை என்று இவரே முடிவு செய்தார். பட்டையை அப்படியே மோந்தால் வாசனை போதாது, தைலமாக இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் தைலம் என்றால் தைலமரத் தைலம்தான். கடைகளில் கேட்டால் அதைத்தான் எடுத்து வைத்தார்கள். கடைசியில் ஆன்லைனில் வாங்கினேன்.

முதலில் வந்த சீசாவைத் திறந்ததுமே எனக்குச் சந்தேகம். பட்டை வாசனை இல்லை, கிராம்பு வாசனை. லேபிளைப் படித்துப் பார்த்தால், அது பட்டை மரத்தின் இலையிலிருந்து எடுத்தது. ஒரே மரம்தான். இலையில் ஒரு தைலம், தோலில் வேறொரு தைலம். இலையில் கிராம்பின் சரக்கு, தோலில்தான் பட்டையின் சரக்கு. தோலில் எடுத்ததைத் தேடித் திரும்ப வாங்கினேன். அது சிறிய பழுப்புச் சீசாவில் வந்தது. நிறம் வெளிறிய மஞ்சள். மூடியைத் திருகியதும் அறை முழுக்க அவருடைய பழைய சட்டைகளின் வாசனை வந்துவிட்டது. நான் சீசாவைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். சீசா திறந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

வருசா வருசம் ஆல்டிஹைடு பாடம் நடத்தும்போது சின்னமால்டிஹைடு என்று கரும்பலகையில் எழுதுவேன். பட்டையின் மணத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். மரப்பட்டையை நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்துத் தைலத்தைப் பிரிப்பார்கள் என்பதும் புத்தகத்தில் படித்ததுதான். இப்போது அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மற்ற எண்ணெய்போல மிதக்காமல் உருண்டையாகக் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்தது. அவர் குனிந்து பார்த்து, "எண்ணெய் முங்குமா?" என்று கேட்டார். தண்ணீரைவிடக் கனமானது, அதனால் முங்கும் என்றேன். காற்றுப் பட்டால் நாள்பட நாள்படச் சிவக்கும், தேங்காய் எண்ணெயில் கலக்காமல் தோலில் பட்டால் எரித்துவிடும் என்றும் சொன்னேன். "பாடம் நடத்தாத" என்று சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்தது அபூர்வம்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் நானும் அவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். தடித்த காகிதத் துண்டில் தைலத்தைத் தொட்டு மூக்குக்குக் கீழே பிடிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"என்ன தெரியுது?"

"காத்து."

எலுமிச்சைக்கும் காற்று, பன்னீருக்கும் காற்று. காப்பித்தூளுக்கும் அதுதான். சாப்பாடு இறங்கவில்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் மட்டும் தெரிந்தன. மீன் குழம்பும் சாம்பாரும் அவருக்கு ஒன்றுதான். "வெந்நியில நனைச்ச பேப்பரத் திங்கிற மாதிரி இருக்கு" என்பார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அண்டா தூக்கிய தோள் சட்டைக்குள் கம்பிபோலத் தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கிய சமயம். அன்று காகிதத்தில் பட்டைத் தைலம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊறிவிட்டது, அப்படியே நீட்டினேன். மூச்சை இழுத்தவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தார். கண் திறந்தது. ஓரத்தில் தண்ணீர்.

"வருது" என்றார்.

"என்ன வருது?"

"வருதுடி! பட்டை! மூக்குக்குள்ள சுர்ருன்னு ஏறுது!"

காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்பத் திரும்ப மோந்தார். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கியது. நான் அழுதுவிட்டேன். அவர் என் தம்பிக்குப் போன் போட்டு, "மாப்ள, அண்டாவ எறக்கி வெளக்கு" என்றார். அன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் கோயிலுக்குப் போய் முழங்காலில் இருந்துவிட்டு வந்தோம். வந்த வழியிலேயே பங்குச் சாமியாரைப் பார்த்து, அந்த வருசத் திருவிழாச் சாப்பாட்டைத் தானே சமைப்பதாக ஒத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த நாள்களில் எனக்குள் ஒரு முள். பட்டைக்கு மட்டும் வருகிறது, மற்ற மூன்றுக்கும் வருவதில்லை. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தபோது பக்கத்தில்தான் நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று வந்தால் மற்றதும் பின்னாலேயே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நல்ல செய்தி சொல்லத்தான் டாக்டரிடம் போனோம். அவர் சந்தோசப்பட்டார். பிறகு இவர் கண்ணைக் கட்டிவிட்டுச் சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக நீட்டினார். ரோஜா, ஒன்றுமில்லை. வாழைப்பழ எசன்ஸ், ஒன்றுமில்லை. ஒரு குப்பியை நீட்டியதும், "பட்டை!" என்று இவர் கத்தினார். அந்தக் குப்பியின் லேபிள் எனக்கு நேராக இருந்தது. அமோனியா. பள்ளி ஆய்வகத்தில் தினமும் நான் கையாளுவது. டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லுமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

கண்கட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் மூக்கைப் படமாக வரைந்து, இவருக்கு விளங்கும்படி சொன்னார். மூக்குக்குள் வாசனைக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கு இன்னொரு நரம்பு. மிளகாய் நெடி, அமோனியா, பட்டைத் தைலம், இவை இரண்டாவது நரம்பைக் குத்தும். அந்த நரம்பு இவருக்கு நன்றாகவே இருக்கிறது. முதலாவதுதான் செத்துக் கிடக்கிறது.

"அப்ப எனக்கு வந்தது வாசனை இல்லியா?"

"உறைப்புங்க. வாசனை இல்ல."

"பட்டைய நான் சின்ன வயசிலேருந்து மோந்துக்கிட்டு இருக்கேன் டாக்டரம்மா. எனக்குத் தெரியாதா?"

டாக்டர் குப்பிகளை ஒவ்வொன்றாக மூடி வைத்தார். பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். முதல் தடவை வந்தபோது சொன்ன அதே வாக்கியந்தான். குரல்தான் வேறாக இருந்தது. திரும்பும் பஸ் அரிமளம் தாண்டியதும் இவர், "நீயும் அது வாசனை இல்லைன்னுதான் நெனச்சியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நினைத்தேன் என்றேன்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது, தெருவிலேயே பட்டை மணத்தது. வாசலில் கால் வைத்ததும் தொண்டை கமறியது. கூடத்தில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சீசா காலி. பாதியை மூக்கின் உள்ளேயும் வெளியேயும் விரலால் தேய்த்திருந்தார், மீதி மடியில் கொட்டியிருந்தது. மேலுதடும் மூக்கும் வீங்கிச் சிவந்து, ஓரங்களில் கொப்புளம் கிளம்பியிருந்தது. கண்களிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"எதுக்குங்க இப்பிடி?" என்று கத்தினேன்.

"எரிச்சலுக்குப் பின்னாடி அது இருக்கான்னு பாத்தேன்" என்றார். உதடு வீங்கியதால் சொல் குழறியது. "எரிச்சலு மட்டுந்தான் இருக்கு."

தண்ணீர் ஊற்றினால் தைலம் போகாது. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். அவர் குழந்தையைப்போல முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், வேட்டியை ஊறவைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. வருகிறவர்கள் எல்லாம், "என்ன டீச்சர், பிரியாணியா?" என்று கேட்டார்கள். அவருக்கு மட்டும் எங்கள் வீடு வெறும் வீடாக இருந்தது.

திருவிழாவுக்குள் அவர் முகத்துப் புண் ஆறவில்லை. என் தம்பிதான் சமைத்தான். "மச்சான், நீங்க பக்கத்துல நின்னாப் போதும். நான் மோந்து சொல்லுறேன், நீங்க எப்ப எறக்கணும்னு சொல்லுங்க" என்று கெஞ்சினான். அவரும் கொஞ்ச நேரம் நின்றார்.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கு மச்சான்."

"நல்லாருக்குன்னா? இனிப்பு வருதா, கட்டை வருதா?"

"அது... நல்லா வாசமா இருக்கு மச்சான்."

இவர் அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். நேராகப் பந்தலுக்குள் வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த ஆட்களோடு ஆளாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து ஒரு விருந்தில் அவர் பந்தியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சோறு நன்றாகத்தான் வந்திருந்தது. பக்கத்து இலைக்காரர், "மாஸ்டர், கை மணக்குது! ஒங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றார். இவர்தான் சமைத்திருக்கிறார் என்ற நினைப்பு. இவர் அதை மறுக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டார். எதிர்ப்பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த எனக்குச் சோற்று வாளி கனத்தது.

அத்தோடு சமையலை விட்டுவிட்டார். அண்டா, அகப்பை எல்லாவற்றையும் என் தம்பி வீட்டுக்கு ஏற்றிவிட்டார். தம்பி எங்கெங்கோ வேலை விசாரித்துச் சொன்னான். கேஸ் ஏஜென்சியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். கசிந்தால் தெரியாத ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சம்பாதிக்கிறேன், சும்மா இருங்கள் என்றேன். வீட்டில் இருந்தால் அவர் அடுப்படிக்குள் நுழைவதில்லை, கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கட்டுமாவடியில மீன் காயப்போடுற கருவாட்டு வாடிக்கு ஆள் வேணுமாம். போறேன்" என்றார்.

"கருவாட்டு வாடியா? அந்த நாத்தத்துல..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

"அதனாலதான்" என்றார்.

ஒரு சனிக்கிழமை சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கடற்கரை மணலில் வலை விரித்து நெத்திலி காய்ந்தது. உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் குனிந்து, பிளந்த திருக்கை மீன்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை மூக்கில் வைக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். முதலாளி நல்ல மனிதர், நாற்காலி எடுத்துப் போட்டார். "வெளியூரு ஆளுக இந்த வேலைக்கு நிக்கவே மாட்டாக டீச்சர். ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சியே சுளிக்க மாட்டேங்கிறாரு. நல்ல பொறுமைசாலி" என்றார். அவருக்கு நாங்கள் விசயத்தைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கூட வேண்டும் என்றார். உப்புக்கு அங்கே பஞ்சமில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகவே திரும்பினோம். அவர் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றி, பவுடர் பூசிக்கொண்டு வந்தார். அப்படியும் அது போகவில்லை. தோலுக்குள் இறங்கிவிட்ட நாற்றம். அறந்தாங்கி பஸ்ஸில் கூட்டம். நாங்கள் மூன்று பேர் உட்காரும் ஒரு சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, முன்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். ஜன்னலோரம் இருந்த கிழவரும் நடுவில் இருந்தவரும் பின்னாலேயே எழுந்துவிட்டார்கள்.

"எடம் கெடச்சிருச்சு, உக்காரு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அசையாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மூக்குதானே போச்சு. கண்ணு எனக்கு நல்லாத்தானே தெரியுது. உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு என்னை ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியெல்லாம் நின்றுகொண்டு வந்தவர்கள் எங்கள் சீட்டில் மிச்சம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நின்றபடியே வந்தார்கள்.

இன்றைக்கும் அவர் அங்கேதான் போய்வருகிறார். டாக்டரிடம் அவர் போய் வருசக்கணக்காகிறது. சமீபத்தில் நான் மட்டும் போய்க் கேட்டபோது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாசனை திரும்ப வருவதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவரும் எங்கே போய்வந்தாய் என்று கேட்கவில்லை.